ரெட்டைத் தலை வயர்

உன்ஸியைக் கொலைகாரன் என்று சொன்னவர்கள் இன்றும் என் கடை வாசல் வழியாகத்தான் போகிறார்கள், வருகிறார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். தலைக்குச் சாயம் போட என்னிடமேதான் வருகிறார்கள். நானும் போட்டுவிடுகிறேன், தொழில் ஆயிற்றே. ஆனால் அவர்கள் தலையைப் பிடித்துக் கழுவும்போது என் கை கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுகிறது.

என் பெயர் விதாத். லெபனானில், திரிபோலித் துறைமுகத்தை ஒட்டிய மீனா பகுதியில், எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். மகன் ஜாத் பிழைப்புக்காகக் கனடாவுக்குப் போய்விட்டான். அவன் பெயரை வைத்து ஊரில் என்னை உம் ஜாத், ஜாதின் அம்மா, என்பார்கள். என் கணவர் ஃபவ்வாஸ், அபூ ஜாத், அவனுடைய அப்பா. அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டில் பட்டறைகளில் வார்னிஷ் அடித்தவர். லெபனான் முழுக்க எத்தனையோ மணப்பெண்களின் கட்டில் அவர் கையால் பளபளத்தது. அந்த வார்னிஷ் புகை அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டது. இப்போது மூன்றாம் மாடியில், மூக்கில் குழாயோடு, ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மெஷின் ஓடினால் மூச்சு ஓடும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

கரண்டா? எங்கள் ஊரில் கரண்ட் வந்தால் தெருவே "அரசாங்கம் வந்தாச்சு" என்று கத்தும். உடனே எல்லா வீட்டிலும் துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். கொஞ்ச நேரத்தில் அரசாங்கம் போய்விடும். மீதி நேரத்துக்குத் தெருமுனை ஜெனரேட்டர்காரர்தான் கடவுள். அவருக்கும் மத்தியானத் தூக்கம் உண்டு, ஜெனரேட்டருக்கும் உண்டு. அந்த நேரத்தில் என் வீட்டு மனிதர் சின்ன சிலிண்டரை வைத்து ஓட்ட வேண்டும். சிலிண்டரும் கிடைக்காத நாட்களில் அவருடைய உதடு நீலம் பாரித்துப் போகும். நான் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விசிறினால் ஆக்ஸிஜனா வரும்? இருந்தாலும் விசிறுவேன்.

அப்படி விசிறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நான்காம் மாடி உன்ஸி படியேறிப் போனார். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நின்று பார்த்தார். ஏறியவர் திரும்பிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

உன்ஸி துறைமுகக் கிடங்கில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டவர். பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் அங்கே பேட்டரியில் ஓடும். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ஜ் போடுவது, செத்துப்போன செல்லை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அவருடைய கால்சட்டைகள் எல்லாவற்றிலும் ஆசிட் பட்டுச் சின்னச் சின்ன ஓட்டைகள். என் கடைக்கு வருகிற பெண்கள் அவர் தெருவில் போனால் சல்லடை போகிறது என்று சிரிப்பார்கள். அவரும் காதில் வாங்கிக்கொண்டு போவார். கிடங்கை மூடியபோது, "ஒரு வண்டி ஓடாம கிடக்கு, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு மனிதன் வேலை பார்த்த காலத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

நான் விசிறிய அந்த வாரத்திலேயே அந்த வண்டி பழுதுவண்டி இழுக்கும் லாரியில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"என்னண்ணே, யாருக்குக் கல்யாண ஊர்வலம்?" என்று நான் கடை வாசலில் நின்று கேட்டேன்.

"அபூ ஜாதுக்கு" என்றார். "மாப்பிள்ளைய மேலேயே இருக்கச் சொல்லுங்க. பொண்ணு கொஞ்சம் கனம்."

கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் அறைக்குள் வண்டியைத் தள்ளி, அதன் வயிற்றிலிருந்து பேட்டரியை வெளியே எடுத்தார்கள். ஒரு பசுமாடு அளவுக்கு இருந்தது. ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார், பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் வாயு வெளியே போக வேண்டுமாம். உள்ளே யாராவது சிகரெட்டோடு வந்தால் கையில் இருக்கிற ஸ்பானரைக் காட்டி விரட்டினார். மொட்டைமாடியில் சூரியத் தகடுகளைப் பதித்தார். பேட்டரி வாயிலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபியூஸ் வைத்தார். அதற்குப் பிறகு இன்வெர்ட்டர் பெட்டி. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வார்.

"உம் ஜாத், இந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கரண்ட் சோம்பேறி. டிசி. காஞ்ச கைய வச்சா ஒண்ணும் பண்ணாது. ஆனா இரும்ப வச்சீங்க, உருக்கிடும். பெட்டிக்கு அந்தப் பக்கம் வந்துட்டா அதே கரண்ட் வேற ஆளு. சுவத்துல இருக்கிற கரண்ட் எப்படிக் கடிக்குமோ அப்படியே கடிக்கும். பேட்டரியிலேருந்து வந்தவன்தானேன்னு தோள்ல கை போட முடியாது."

ஒவ்வொரு முறை வேலைக்கு இறங்கும்போதும் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். பேட்டரி அறைக்காரர்களின் பழக்கம் அது. மோதிரத்தோடு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே கை போனால், மோதிரம் நெருப்பாகப் பழுத்துவிடும், விரல் போய்விடும். துறைமுகத்தில் ஒருவனுக்கு அப்படிப் போனதைப் பார்த்தவர். நான் அதை ஹேர்பின் டப்பாவில் போட்டு வைப்பேன். டப்பாவில் மோதிரம் இருந்தால் உன்ஸி கீழே வேலையில் இருக்கிறார். இல்லாவிட்டால் அந்த அறையில் எதையும் யாரும் தொடக்கூடாது. எங்கள் இரண்டு பேருக்குள் அப்படி ஒரு கணக்கு.

எல்லாம் முடிந்ததும் இன்வெர்ட்டரிலிருந்து ஒரே ஒரு வயரை வெளிச்சுவர் வழியாக மூன்றாம் மாடிக்கு இழுத்தார். கட்டட வயரிங்கோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபவ்வாஸின் மெஷினுக்கு மட்டும். அன்று மத்தியானம் ஜெனரேட்டர் நின்றது, மெஷின் நிற்கவில்லை. ஃபவ்வாஸ் என்னைப் பார்த்து, "விசிறிய எங்க வச்ச? இனிமே எனக்கு வேர்த்தா மட்டும் விசிறு" என்றார். நான் சமையலறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் ஹிக்மத் என்று ஒருத்தர் இருக்கிறார். இரண்டாம் மாடி. செல்போன் கடைக்காரர். மற்ற எல்லோரும் அந்தப் பதவி வேண்டாம் என்றதால் குடியிருப்போர் சங்கத் தலைவர். மூன்றாம் மாடியில் வெளிச்சம் இருக்கும்போது தன் வீடு இருட்டாக இருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

"அந்த ரூம் எல்லாருக்கும் பொது" என்று உன்ஸியிடம் வந்து நின்றார். "பொது இடத்துல வச்ச பேட்டரி ஒரு வீட்டுக்கு மட்டும்னா எப்படி?"

உன்ஸி மறுக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். "தரேன். வீட்டுக்கு ஒரு விளக்கு, படிக்கட்டுக்கு விளக்கு. ஆனா கட்டட வயரிங்ல குடுக்கணும்னா சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வேணும். கைப்பிடி ஒண்ணுதான் இருக்கும். மேல தள்ளினா அரசாங்கக் கரண்ட், கீழ தள்ளினா பேட்டரி, நடுவுல சும்மா. ரெண்டும் ஒரே நேரத்துல ஒட்டவே முடியாது. நல்லதாக் கிடைக்கிற வரைக்கும் பொறுங்க."

"ஸ்விட்ச் எதுக்குங்க? எங்க வீட்ல ரெட்டைத் தலை வயர் இருக்கு."

ரெட்டைத் தலை வயர் எங்கள் ஊரில் யார் வீட்டில்தான் இல்லை? இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயர். ஒரு தலையைப் பக்கத்து வீட்டுச் சின்ன ஜெனரேட்டரில் சொருகி, இன்னொரு தலையை நம் வீட்டுச் சுவரில் சொருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும். மெயினை அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். அணைக்காவிட்டால் கரண்ட் வீட்டோடு நிற்காது, மீட்டர் வழியாகத் தெருக் கம்பத்துக்கே போகும்.

"மெயின அணைக்க மறந்துட்டா கம்பத்துல ஏறியிருக்கிறவன் செத்தான்" என்றார் உன்ஸி.

ஹிக்மத் சிரித்தார். "பேட்டரிங்க இது. கார் பேட்டரிய ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். கூசக்கூட இல்ல. பேட்டரி கரண்ட்ல செத்தவன் எவன்?"

இதைத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். போர் பார்த்த ஊர், ஜெனரேட்டர் பார்த்த ஊர், கடலில் கவிழ்ந்த படகுகளைப் பார்த்த ஊர். பேட்டரிக்கு மட்டும் பயமில்லை. உன்ஸி மறுபடியும் பெட்டிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆரம்பித்தார். ஹிக்மத் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த நாட்களில் எங்கள் கம்பத்துப் பெட்டி எரிந்துபோய், அரசாங்கக் கரண்ட் எட்டிப் பார்ப்பதே நின்றிருந்தது. ஒரு காலை வேளை உன்ஸி என் கடை வாசலில் நின்று, பழைய கடைத்தெருவில் நல்ல ஸ்விட்ச் வந்திருக்கிறதாம், போய் வாங்கி வருகிறேன் என்றார். கையில் மோதிரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சத்தியம் செய்யச் சொன்னால் எந்த வேதப் புத்தகத்தின் மேலும் செய்வேன்.

அவர் போன பிறகு கம்பத்தைச் சரிசெய்ய ஒரு லைன்மேன் வந்தான். குஸய் என்று பெயர், சின்ன வயசு, ஏதோ ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. ஏணியைச் சாய்த்துவிட்டு என் கடைக்குள் எட்டி, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றான். கொடுத்தேன். மேலே ஏறிக் கம்பத்து ஃபியூஸ்களைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அரசாங்கக் கரண்ட் வருகிற பக்கத்திலிருந்து அவனுக்கு ஆபத்தில்லை. ஜெனரேட்டரும் அந்த நேரம் ஓடவில்லை. கையுறை இருந்ததா என்று பிறகு எல்லோரும் வாய் கிழியப் பேசினார்கள். தினக்கூலிக்காரனுக்கு எந்த ஒப்பந்தக்காரன் கையுறை வாங்கிக் கொடுத்தான்?

நான் ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் கிடந்த முடி உலர்த்தும் மெஷின் திடீரென்று தானாக ஊத ஆரம்பித்தது. "அரசாங்கம் வந்தாச்சு" என்றாள் அந்தப் பெண் சந்தோஷமாக. பின்பக்கம் யாரோ கத்துவதும் கைதட்டுவதும் மெஷின் இரைச்சலில் அரைகுறையாகக் கேட்டது. அரசாங்கம் எப்படி வரும்? ஃபியூஸ் அந்தப் பையன் பையில் இருக்கிறது. பின்பக்கத்து அறையில் இன்வெர்ட்டர் வழக்கத்தைவிடக் கனமாக முனகியது. டப்பாவைத் திறந்தேன். ஹேர்பின்தான் இருந்தது, மோதிரம் இல்லை.

வெளியே குஸய் கத்தினான். பிறகு கத்தவும் இல்லை. அது இன்னும் மோசம்.

பின்பக்கம் ஓடினேன். இன்வெர்ட்டரின் இரண்டாவது பிளக் பாயிண்டில் ஒரு தலை, சுவரில் ஒரு தலை, நடுவில் வெள்ளை வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினால் பிடுங்கிய தலையின் முள்ளில் கரண்ட் இருக்கும், தொடாதே என்று உன்ஸி சொல்லியிருக்கிறார். பேட்டரிப் பக்கத்தில் கைப்பிடி வைத்த பெரிய இணைப்பு இருக்கிறது. எது நடந்தாலும் அதை இழு என்று சொல்லியிருக்கிறார். அதில் கை வைத்தேன். அதை இழுத்தால் மூன்றாம் மாடியில் என் மனிதருடைய மெஷினும் நின்றுவிடும். சின்ன சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இழுத்தேன்.

குஸய் இடுப்புக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கினான். மீன்காரர்கள் ஓடிவந்து இறக்கினார்கள். செத்துவிட்டான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மாடிக்கு ஓடினேன். ஃபவ்வாஸ் சிலிண்டர் குழாயைத் தானே மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, "யாரு கத்தினது?" என்று கேட்டார். நான் கீழே திரும்பி வந்தபோது அந்த வெள்ளை வயர் அங்கே இல்லை.

உன்ஸி கடைத்தெருவிலிருந்து ஸ்விட்ச் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தெருவே கூடி நின்றது. ஹிக்மத் எல்லோருக்கும் முன்னால் நின்று அவரைக் கைகாட்டினார். "இவரோட பேட்டரிதான். வேண்டாம்னு அப்பவே சொன்னேன். கொலைகாரன்." அவரோடு சேர்ந்து இன்னும் எத்தனை வாய்கள். வீட்டுக்கு ஒரு விளக்கு கேட்ட அதே வாய்கள். உன்ஸி ஏணியையும் கீழே கிடந்த செருப்பையும் பார்த்துக்கொண்டு நின்றார். போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

குஸய் சாகவில்லை. ஆனால் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தினக்கூலிக்காரன் என் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார் ஒப்பந்தக்காரர்.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். சார்ஜென்ட் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு கையப் பாருங்க சார்" என்றேன். "மோதிரம் போட்டிருக்காரு. மோதிரத்தோட அவரு பேட்டரிகிட்டயே போக மாட்டாரு. என்கிட்ட குடுத்துட்டுத்தான் போவாரு. அப்ப அவரு இங்கயே இல்ல, ஸ்விட்ச் வாங்கப் போயிருந்தாரு."

"மோதிரம் சாட்சி சொல்லுமா, அம்மா?"

"வயர் சொல்லும். ரெட்டைத் தலை வயர் சொருகியிருந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

"எங்க அந்த வயர்?"

"எடுத்து ஒளிச்சிட்டாங்க."

"ரெட்டைத் தலை வயர் யார் வீட்ல இல்ல?" என்று சிரித்தார். "எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு. பிரிட்ஜ் பின்னாடி."

சட்டத்தைக் காப்பாற்றுகிறவர் வீட்டு லட்சணம் இது. அதைவிட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது உன்ஸியைப் பார்த்துத்தான். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பேட்டரி என்னோடது, உம் ஜாத். பூட்டுப் போடாம போனது நான்தானே" என்கிறார்.

"அந்த ரூம் சாவி சங்கத் தலைவர்கிட்ட இருக்கு. நீங்க எதுக்குப் பூட்டணும்?"

"ரூமுக்கு இல்ல, அந்த இன்வெர்ட்டருக்குப் பூட்டு. அத நான் யோசிக்கல."

விரல் போனவனை நினைத்து அவர் சாப்பிடவே இல்லை என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சொன்னார். விரலைப் போக வைத்தவர் இரண்டாம் மாடியில் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வாசனை என் கடை வரைக்கும் வந்தது.

பேட்டரி அறைக்கு சீல் வைத்தார்கள். நாங்கள் பழையபடி ஜெனரேட்டர்காரரின் தூக்கத்துக்கும் சிலிண்டருக்கும் திரும்பினோம். விசிறியை நான்தான் தேடி எடுத்தேன். அதோடும் விடவில்லை. ஆபத்தான பொருளை அப்புறப்படுத்த வேண்டும் என்று சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. கூடியது என்றால் படிக்கட்டில் நின்று தலையாட்டியது. பழைய இரும்புக்காரர் ஆட்களோடும் சங்கிலியோடும் வந்தார். சீலை உடைக்க அந்த சார்ஜென்டும் வந்தார். கட்டடத்து ஆட்கள் கீழேயும் பால்கனிகளிலும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான் அறை வாசலில் குறுக்கே நின்றேன். "இத எடுத்துட்டுப் போனா மேல ஒரு மனுஷன் சாவான். தெரியுமா உங்களுக்கு?"

"ஜெனரேட்டர்காரர்கிட்ட கூடுதல் நேரம் கேளுங்க, உம் ஜாத்" என்றார் ஹிக்மத் தணிந்த குரலில், ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரி. "ஒரு ஆளுக்காக மொத்தக் கட்டடத்தையும் பணயம் வைக்க முடியுமா?"

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. இரும்பு படியில் இடிக்கிற சத்தம், பிறகு வெறும் மூச்சுச் சத்தம், மறுபடி இரும்பு. எங்கள் ஃபவ்வாஸ். சின்ன சிலிண்டரைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். ஜாத் கனடாவுக்குப் போனபோது கூட அவரால் வழியனுப்பக் கீழே இறங்க முடியவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை, எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் என்னைத் தாண்டிப் போய், பேட்டரிக்கு முன்னால் கிடந்த மீன் பெட்டியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"தூக்குங்க" என்றார் இரும்புக்காரரிடம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். "இது போற இடத்துக்கு நானும் வரேன்."

"ஐயா, எழுந்திருங்க" என்றார் சார்ஜென்ட்.

"உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். கட்டடத்துல எல்லாரையும் கேட்டீங்க. என்னையும் வந்து கேளுங்கன்னு இவ சொல்லியும் மூணாம் மாடிக்கு ஏறல. மூக்குல குழாய் இருக்கிறவனுக்குக் காது இருக்காதுன்னு நெனச்சீங்களா?" குழாயை மூக்கில் அழுத்தி மூச்சை இழுத்தார். நாங்கள் காத்திருந்தோம். "அன்னைக்கு என் ஜன்னலுக்குக் கீழ நின்னு ஒருத்தர் கத்தினாரு. 'அபூ ஜாத், இனிமே உங்களுக்கு மட்டும் இல்ல, மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட் குடுத்துட்டேன், என் வயர்ல.' பெருமையாக் கத்தினாரு. இந்தா நிக்கிறாரு."

ஹிக்மத்தின் முகம் வெளுத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "ஆக்ஸிஜன் குறைஞ்சா மூளை குழம்பும்னு டாக்டர்களே சொல்றாங்க சார். பாவம், நோயாளி."

என் கையில் கத்தரிக்கோல் இல்லாதது அவருடைய நல்ல நேரம். நான் வாய் திறப்பதற்குள் முதல் மாடி பால்கனியிலிருந்து நுஹாவின் குரல் வந்தது.

"அப்ப எனக்கும் மூளை குழம்பிப்போச்சா? நானும்தான் கேட்டேன். கைகூடத் தட்டினேன்." அவள் கணவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அவள் கையை உதறிக்கொண்டு குனிந்தாள். "எல்லாரும்தான் தட்டினோம். இப்ப எல்லாருக்கும் காது அடைச்சுப்போச்சு."

ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். ஆமாம், கேட்டோம் என்று ஒரு முனகல் வந்தது, பிறகு இன்னொன்று. நான் இத்தனை நாள் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக் கெஞ்சியபோது ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை. நோய்க்காரர் மூன்று மாடி இறங்கி வந்த பிறகு எல்லோருக்கும் காது வந்துவிட்டது. இரும்புக்காரர் யாரிடமும் கேட்காமல் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "வீட்ல எங்க அம்மாவுக்கும் இதே மெஷின்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று உன்ஸியை விட்டுவிட்டார்கள். ஹிக்மத்தைக் கூப்பிட்டார்கள். போனார், யாருக்கோ போன் செய்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். இன்றைக்கும் சங்கத் தலைவர் அவர்தான். வயிறு எரிகிறதா? எனக்கும் எரிகிறது.

உன்ஸி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்து மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். அன்றே அந்த ஸ்விட்சைச் சுவரில் பதித்தார். வைத்த இடத்திலிருந்து கைப்பிடி நகராதபடி குறுக்கே ஒரு பூட்டு. சாவி என் ஹேர்பின் டப்பாவில், மோதிரத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்றவர்களிடம், "உங்க ரெட்டைத் தலை வயர எடுத்துட்டு வாங்க" என்றார். கொண்டுவந்தார்கள். அவர் கண்முன்னால் அவர்களே ஒரு தலையை வெட்ட வேண்டும், பிறகுதான் விளக்கு. நுஹா முதலில் வெட்டினாள். ஹிக்மத் வரவில்லை, தன் வீட்டில் அப்படி ஒரு வயரே கிடையாது என்று சொல்லி அனுப்பினார். அவர் வீட்டில் இன்னும் விளக்கில்லை.

ஃபவ்வாஸின் மெஷினுக்கான வயர் தனியாகத்தான் போகிறது, எந்தப் பூட்டும் அதை நிறுத்தாது. கம்பத்தில் வேலை என்றால் லைன்மேன்கள் இப்போது முதலில் என் கடைக்கு வருகிறார்கள். சாவியை வாங்கிப் போய் ஸ்விட்சை நடுவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். இறங்கிய பிறகுதான் திருப்பித் தருகிறார்கள். அவர்களில் குஸய் இல்லை. விரல் இல்லாதவனை யார் கம்பத்தில் ஏற்றுவார்கள்? அவன் கடற்கரைச் சாலையில் காப்பி விற்கிறான், இடது கையால் ஊற்றுகிறான்.

போன வாரம் ஹிக்மத் என் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே பெண்கள் இருந்ததால் படியைத் தாண்டவில்லை.

"உம் ஜாத், சங்கத் தலைவர்கிட்ட அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி இருக்க வேண்டாமா? ஏதாவது அவசரம்னா?"

"இருக்கணும்தான்" என்றேன். "குஸய்கிட்ட கேட்டுட்டு வாங்க. அவன் குடுக்கச் சொன்னா குடுக்கறேன்."

குஸய் நிற்கிற இடம் இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். ஹிக்மத் இன்னும் போகவில்லை.